வாகன ராப்பிங் தரகுத் தொழில்: கைவேலை தெரியாமல் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வணிக வாகனங்களின் மேல் நிறுவனத்தின் பெயரையும் படத்தையும் வினைல் என்னும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாளில் அச்சிட்டு ஒட்டித் தரும் வேலையை, சொந்தக் கடையோ அச்சு இயந்திரமோ இல்லாமல், வாடிக்கையாளருக்கும் ஸ்டிக்கர் கடைக்கும் நடுவில் நின்று எடுத்து நடத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். நானும் கட்டர் பிடிக்கத் தெரியாமல் இந்தத் தொழிலுக்குள் வந்தவன். சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் இதைச் செய்து கற்றவற்றை, என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒரு முறைகூட ஸ்டிக்கர் ஒட்டிப் பழகாதவர் இந்தத் தொழிலைத் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆனால் கை பழகாமல் இருப்பது வேறு, கண் பழகாமல் இருப்பது வேறு. ஒட்டத் தெரியாத தரகர் பிழைத்துக்கொள்ளலாம். ஒட்டியது சரியா தவறா என்று பார்த்துச் சொல்லத் தெரியாதவரால் இரண்டாவது ஆர்டரைத் தாண்ட முடியாது.

இதில் சட்டமும் ஒரு சொல் வைத்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 212ஆம் பிரிவு, ஒருவருக்காக வேலை நடத்தித் தரும் முகவர், அதே தொழிலில் இருப்பவர்களுக்குப் பொதுவாக எவ்வளவு திறமை இருக்குமோ அவ்வளவு திறமையோடு அதை நடத்தித் தர வேண்டும் என்கிறது. அந்தத் திறமை முகவருக்கு இல்லை என்பது வேலையைக் கொடுத்தவருக்கு முன்பே தெரிந்திருந்தால் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு. திறமைக் குறைவால் நேரடியாக வரும் இழப்பை ஈடுசெய்யும் கடமையும் அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே, "நான் ஒட்டுபவன் இல்லை, ஒட்டுபவர்களைத் தேர்ந்தெடுத்து, மேற்பார்த்து, முடித்துத் தருபவன்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், விலைப்புள்ளியிலும் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். அப்படிச் சொன்னதால் எனக்குக் கைநழுவிய ஆர்டர்கள் மிகக் குறைவு. மறைத்துவிட்டு, பட்டறையில் வாடிக்கையாளரின் முன்னால் ஒட்டுநரிடம் அடிப்படைக் கேள்வி கேட்டு மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாடிக்கையாளர் நேரே ஸ்டிக்கர் கடைக்குப் போனால் குறைவாக முடியுமே, நடுவில் தரகர் எதற்கு?

ஒரே ஒரு ஆம்னி வேன் வைத்திருப்பவருக்குத் தரகர் தேவையில்லை. அவர் நேரே கடைக்குப் போவதுதான் அவருக்கு நல்லது. அப்படிப்பட்டவர் என்னிடம் வந்தால் கடையின் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

தரகருக்கு இடம் இருப்பது வேறு இடத்தில். ஒரு மசாலா நிறுவனத்துக்குச் சென்னையில் நான்கு, மதுரையில் மூன்று, கோவையில் மூன்று என வண்டிகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வண்டியிலும் ஒரே சிவப்பு வர வேண்டும். எந்த வண்டியும் வேலை நாளில் இரண்டு நாள் நிற்க முடியாது. ஒரு வண்டிக்கு அடுத்த வாரம் எஃப்.சி. (தகுதிச் சான்று புதுப்பிப்பு) இருக்கிறது, இன்னொன்றின் கதவு நசுங்கிக் கிடக்கிறது. ஓட்டுநர்களை அழைத்து நேரம் குறிப்பது, கதவு வேலை முடியும் வரை அந்த வண்டியைத் தள்ளி வைப்பது, மூன்று ஊரிலும் ஒரே பிராண்டு வினைல் பயன்படுகிறதா என்று பார்ப்பது, முடிந்ததும் ஒவ்வொரு வண்டியையும் நான்கு பக்கமும் படமெடுத்து அனுப்புவது ஆகிய அனைத்தையும் நிறுவனத்தின் நிர்வாக மேலாளர் தன் வேலைக்கு நடுவே செய்ய முடியாது. ஸ்டிக்கர் கடைக்காரரும் தன் ஊரை விட்டு இறங்கி வந்து செய்ய மாட்டார். தரகருக்குக் கிடைக்கும் காசு இந்த அலைச்சலுக்கும், தவறு நடந்தால் முன்னால் வந்து நிற்கும் பொறுப்புக்கும் உரியது.

கமிஷன் மட்டும் வாங்குவதா, முழு வேலையையும் என் பெயரில் எடுத்துப் பில் போடுவதா?

தொடங்குபவர்கள் குழம்பும் இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் முறையில், வாடிக்கையாளருக்குக் கடையே பில் போடும். கடை உங்களுக்குக் கமிஷன் தரும். உங்கள் வரவு அந்தக் கமிஷன் மட்டுமே, முதலீடும் குறைவு. ஆனால் கமிஷன் எவ்வளவு, எப்போது என்பதை எழுதி வாங்காவிட்டால் அடுத்த ஆர்டரிலேயே கடையும் வாடிக்கையாளரும் நேரே பேசிக்கொள்வார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கடையிடம் கமிஷன் வாங்குவதை வாடிக்கையாளரிடம் மறைக்கவும் கூடாது. வாடிக்கையாளரின் முகவராக நின்றுகொண்டு அவருக்குத் தெரியாமல் சொந்தக் கணக்கில் ஆதாயம் பார்த்தால், அந்த ஆதாயத்தையே அவர் கேட்டு வாங்க ஒப்பந்தச் சட்டத்தின் 216ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது.

இரண்டாவது முறையில், வாடிக்கையாளருக்கு நீங்கள் பில் போடுகிறீர்கள், உங்களுக்குக் கடை பில் போடுகிறது, நடுவில் நிற்கும் வித்தியாசம் உங்களுடையது. இதில் வருமானம் கூடும். பொறுப்பும் முழுவதுமாக உங்கள் தலையில் வரும். வாடிக்கையாளருக்கு நீங்கள் தரகர் அல்ல, ஒப்பந்தக்காரர். ஜிஎஸ்டி கணக்கிலும் முழுத் தொகையும் உங்கள் விற்றுமுதலாகவே சேரும். சேவை செய்பவருக்குத் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமாகும் வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். கமிஷன் கணக்கில் தொலைவில் தெரியும் அந்த வரம்பு, இந்த முறையில் சில பெரிய ஆர்டர்களிலேயே அருகில் வந்துவிடும். பதிவு செய்த பிறகு, பதிவு இல்லாத கடையிடம் வேலை வாங்கினால் உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காது. அந்த இழப்பைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொன்னால் லாபம் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

இரண்டுக்கும் நடுவே, கடையின் பெயரைச் சொல்லாமல் "நம்ம ஆளுங்க செய்வாங்க" என்று பேசி வேலை வாங்குவது ஒன்று உண்டு. யாருக்காகச் செய்கிறார் என்பதை முகவர் வெளிப்படுத்தாவிட்டால், அந்த ஒப்பந்தத்துக்கு அவரே பொறுப்பு என்று கொள்ளும்படி ஒப்பந்தச் சட்டத்தின் 230ஆம் பிரிவு சொல்கிறது. கமிஷன் அளவே வருமானம், ஒப்பந்தக்காரர் அளவுக்குப் பொறுப்பு என்ற இந்த நிலையில் மட்டும் நிற்காதீர்கள். என் கருத்தில், முதல் ஐந்தாறு வேலைகளைக் கடையின் பெயரைச் சொல்லி, எழுதி வாங்கிய கமிஷனுக்குச் செய்வது நல்லது; கண் பழகிய பிறகு இரண்டாவது முறைக்கு மாறலாம். கடையின் சார்பில் நீங்களே பில் போடும் ஏற்பாடாக இருந்தால், வரம்பு பார்க்காமல் பதிவு கட்டாயமாகலாம். ஆடிட்டரிடம் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

வினைலில் எத்தனையோ வகை சொல்கிறார்கள், எதைத் தெரிந்துகொண்டால் போதும்?

காஸ்ட், கேலண்டர் என்ற இரண்டின் வித்தியாசம் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியதாகும். கேலண்டர் வகை, பிவிசியைச் சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தேய்த்துச் செய்யப்படுவது. காஸ்ட் வகை, திரவமாகக் கரைத்து ஊற்றிச் சூட்டில் காயவைத்து எடுப்பது. சப்பாத்தி மாவைத் தேய்த்துக் கையை எடுத்ததும் அது கொஞ்சம் உள்வாங்கும். கல்லில் ஊற்றிய தோசை விட்ட இடத்திலேயே கிடக்கும். கேலண்டர் வினைலும் சப்பாத்தியைப் போல, வெயிலில் நாள் போகப் போகத் தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். சமதளமான கண்டெய்னர் பக்கத்தில் இது பெரிய குறை இல்லை. கதவுக் கைப்பிடிக் குழியிலும், பம்பர் வளைவிலும், ரிவிட் தலைகளின் மேலும் அது கூடாரம் போலத் தூக்கிக்கொள்ளும். காஸ்ட் ஏறத்தாழ 50 மைக்ரான் தடிமனில் மெல்லியதாக இருக்கும், கேலண்டர் பொதுவாக 75 முதல் 100 மைக்ரான் வரை. தடிமன் கூடினால் தரம் கூடியது என்று நினைக்கும் வாடிக்கையாளரிடம் இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும்.

எல்லா வண்டிக்கும் காஸ்ட் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஆண்டில் விளம்பரத்தை மாற்றப் போகிற, தட்டையான பக்கங்கள் கொண்ட வண்டிக்கு நல்ல கேலண்டர் போதும். எந்த வகை என்பதை விலைப்புள்ளியில் பிராண்டும் எண்ணும் சேர்த்து எழுதிவிட வேண்டும். 3எம், ஆவெரி டென்னிசன், ஒராஃபோல் போன்ற நிறுவனங்களின் வினைலில் பின்தாளிலேயே பெயர் அச்சாகியிருக்கும். வேலை நாளன்று உரித்துப் போடும் அந்தத் தாளையும் சுருளின் பெட்டி எண்ணையும் படமெடுத்து வைப்பது என் வழக்கம். ஒரு முறை அந்தப் படமே ஒரு தகராறை ஐந்து நிமிடத்தில் தீர்த்தது.

அச்சிட்ட வினைலின் மேல் லேமினேஷன் இருக்க வேண்டும். அதுவும் வினைலின் வகைக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். காஸ்ட் வினைலின் மேல் மலிவான கேலண்டர் லேமினேஷன் போட்டால், மேலே இருப்பது சுருங்கி அடியில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு வரும். சால்வென்ட் மையில் அச்சிட்டால் குறைந்தது ஒரு நாளாவது விரித்துக் காயவிட்டு, மையின் ஆவி போன பிறகே லேமினேஷன் போட வேண்டும். "காலையில் பிரிண்ட், மதியம் லேமினேஷன், சாயங்காலம் வண்டி" என்று சால்வென்ட் இயந்திரம் வைத்திருக்கும் கடை உறுதி சொன்னால், அந்த வேகத்தைப் பாராட்டாதீர்கள். பானட்டும் கூரையும் வெயிலை நேராக வாங்குவதால், தயாரிப்பாளர்களே கிடைமட்டப் பரப்புக்குக் குறைந்த ஆயுளைத்தான் சொல்கிறார்கள் என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கூறிவிடுங்கள்.

நல்ல ஒட்டுநர் யார் என்று வேலை தெரியாத நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்றைக்கு முடித்த வண்டியைக் காட்டினால் பார்க்காதீர்கள். புதிதாக ஒட்டிய எல்லா வண்டியும் அழகாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் கடந்த வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். கதவின் ஓரத்தில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், நகம் சிக்கினால் ஓரம் தூக்குகிறது. ரிவிட் தலையைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் அடியில் காற்று நிற்கிறது. கதவைத் திறந்து உள்மடிப்பில் பெயின்ட்டில் பிளேடு கீறல் இருக்கிறதா பாருங்கள். அந்தக் கீறலில்தான் பின்னாளில் துரு பிடிக்கும்.

அதோடு, பத்து நாளாவது ஒரு பட்டறையில் போய் நில்லுங்கள். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் நான் அப்படி நின்ற காலத்தில், வயதில் மூத்த ஒட்டுநர் ஒருவர் ஒரு ஈகோ வேனின் கைப்பிடிக் குழியைச் செய்துகொண்டிருந்தார். முதலில் துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்து, குழியின் மூலை வரை விரலால் அழுத்தித் துடைத்தார். வினைலைக் குழியின் மேல் தளர்வாக விட்டு, ஹீட் கன்னைக் காட்டியதும் அதன் சுருக்கங்கள் தாமாகவே மறைந்து தாள் இறுகியது. அதற்குப் பிறகே, கையுறை போட்ட கட்டை விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற பையன் வேகமாக இழுத்து உள்ளே திணிக்கப் பார்த்தபோது, "இழுக்காதப்பா, நீ இழுத்த அளவுக்கு அது திரும்பி வந்துடும்" என்றார். முடித்த பிறகு அந்த இடத்தை மறுபடி சூடாக்கி, வெப்பமானியைக் காட்டி 100 டிகிரிக்கு அருகில் வந்ததைப் பார்த்துவிட்டே நகர்ந்தார். இந்தக் கடைசிச் சூடு கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் எதையும் தராது; ஆனால் மூன்று மாதம் கழித்து ஓரம் தூக்குமா தூக்காதா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்ததே. நேரம் போதாத ஒட்டுநர் முதலில் விடுவது அதைத்தான் என்பதால், நான் முதலில் கவனிப்பதும் அதைத்தான்.

கைக்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டுமானால், இரண்டு மீட்டர் வினைல் வாங்கி ஒரு ஹெல்மெட்டிலும் பைக் டேங்கிலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டுநரின் கூலியைக் குறைத்துப் பேச அதற்குப் பிறகு மனம் வராது.

சதுர அடிக் கணக்கில் விலை சொல்வது எப்படி?

நீளத்தை உயரத்தால் பெருக்கிவிட்டு விலை சொல்பவர் கட்டாயம் நஷ்டப்படுவார். கண்டெய்னர் கட்டிய ஒரு சிறிய சரக்கு வண்டியின் ஒரு பக்கம் ஏழரை அடி நீளம், ஐந்தரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சேர்ந்து 82.5 சதுர அடி. ஆனால் அச்சு வினைல் சுருளின் அகலம் பெரும்பாலும் 54 அங்குலம், அதாவது நாலரை அடி. ஒரு பக்கத்துக்கு இரண்டு துண்டுகளை நின்றவாக்கில் வெட்ட வேண்டும். மேலும் கீழும் மடிப்புக்குச் சேர்த்து ஒவ்வொன்றும் ஆறு அடி. அப்படிப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 54 சதுர அடி, இரண்டுக்கும் 108. ஒரு வண்டிக்கு 25.5 சதுர அடி வித்தியாசம். பத்து வண்டிக்கு 255 சதுர அடி. மிஞ்சும் துண்டுகள் சிறு வேலைகளுக்கு ஆகும் என்றாலும், வினைலுக்குக் கடைக்காரர் காசு வாங்கிவிடுவார்.

வண்டியை நேரில் பார்த்து, டேப் வைத்து அளந்து, துரு, நசுங்கல், பழைய ஸ்டிக்கர், மேலே அடித்த பெயின்ட் அனைத்தையும் குறித்துக்கொண்டு வந்த பிறகே விலை சொல்ல வேண்டும். பழைய ஸ்டிக்கரை எடுப்பது தனி வேலை, தனி விலை.

எஃப்.சி.க்கும் ராப்பிங்குக்கும் என்ன தொடர்பு?

நம் ஊரில் நிறையத் தொடர்பு உண்டு. போக்குவரத்து வாகனங்களுக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது நடைமுறை. எஃப்.சி. முடிந்த மறுநாளே "வண்டி புதுசா இருக்கு, ஸ்டிக்கர் ஒட்டிடுங்க" என்று அழைப்பார்கள். ஈரம் முழுதும் போகாத பெயின்ட்டின் மேல் ஒட்டினால் அடியில் கொப்புளம் வரும். பின்னால் உரிக்கும்போது பெயின்ட்டும் பட்டியும் சேர்ந்து வரும். குறைந்தது மூன்று நான்கு வாரம் விட்டு ஒட்டுங்கள். வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளாவிட்டால், பெயின்ட் உரிவதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரவும் மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். எந்த வண்டிக்கு எப்போது எஃப்.சி. என்ற பட்டியலை முதலிலேயே வாங்கி வைத்தால் அடுத்த ஆண்டு வேலைகளும் அதிலிருந்தே கிடைக்கும்.

சட்டப்படி எங்கெல்லாம் ஒட்டக் கூடாது?

கண்ணாடியில் தொடங்குகிறேன், ஏனென்றால் பின் கண்ணாடி முழுவதும் படம் வேண்டும் என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும். அந்த அளவைக் கண்ணாடியே தயாரிப்பில் கொண்டிருக்க வேண்டும், மேலே கறுப்புப் படலம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. துளையிட்ட ஒன்வே விஷன் படலம் (வெளியே படம் தெரியும், உள்ளிருந்து வெளியே பார்க்கலாம்) மட்டும் விதிவிலக்கு என்று கடையில் யாராவது சொன்னால் நம்பி வேலை எடுக்காதீர்கள்.

நிறம் பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரம். பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வெள்ளை வேனின் பக்கங்களில் விளம்பரம் ஒட்டுவது ஒன்று. அந்த வேனை முழுவதும் ஊதாவாக மூடுவது வேறு. நிறம் அடையாளம் தெரியாமல் மாறும் வேலை என்றால், வாகன உரிமையாளர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு முடித்த பிறகே தொடங்க வேண்டும். வாடகை வாகனத்தில் பிற நிறுவனத்தின் விளம்பரம் என்றாலும் முதலில் அந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி வாகனங்களை விட்டுவிடுங்கள். 2012ஆம் ஆண்டின் தமிழ்நாடு பள்ளி வாகனச் சிறப்பு விதிகளின்படி அவை மஞ்சளாகவே இருக்க வேண்டும்.

ஒளி பிரதிபலிக்கும் பட்டைகள், விளக்குகள், சரக்கு வண்டியின் பக்கத்தில் எழுதிய எடை விவரங்கள், பதிவெண் தகடு ஆகியவற்றின் மேல் வினைல் ஏறக் கூடாது. தகட்டில் அனுமதியில்லாத ஸ்டிக்கர், எழுத்து, சின்னம் ஒட்டியிருந்தால் நடவடிக்கை என்று சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை 2024 மே 2 முதல் கடுமை காட்டியது. அரசு முத்திரை, "அ" எழுத்து போன்றவற்றைத் தனியார் வண்டியில் கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்வதற்குத் தயங்க வேண்டாம்.

வடிவமைப்பை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் என் பொறுப்பு முடிந்ததா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் தொடக்கக் கால ஆர்டர்களில் ஒன்று, ஒரு குடிநீர்க் கேன் நிறுவனத்தின் மூன்று ஈகோ வேன்கள். கணினித் திரையில் பக்கவாட்டுப் படம் மிக அழகாக இருந்தது, வாடிக்கையாளரும் வாட்ஸ்அப்பில் ஒப்புதல் தந்தார். ஒட்டி முடித்த பிறகே தெரிந்தது, தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் சறுக்குக் கதவின் கைப்பிடியில் விழுந்திருந்தன. கேன் இறக்குவதற்காகக் கதவைத் தள்ளினால் நிறுவனத்தின் பெயரில் பாதி வண்டியின் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றது. வண்டி நின்று கேன் இறக்கும் நேரத்தில்தான் தெருவில் உள்ளவர்கள் அதைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. மூன்று வண்டிக்கும் கதவுப் பகுதியை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

அதிலிருந்து, இணையத்தில் கிடைக்கும் வண்டிப் படத்தின் மேல் வடிவமைக்க நான் விடுவதில்லை. அதே வண்டியைக் கதவு மூடியும் திறந்தும் படமெடுத்து, கைப்பிடி, பெட்ரோல் மூடி, சறுக்குத் தடம், ரிவிட் வரிசை அனைத்தின் அளவையும் டிசைனருக்குக் கொடுக்கிறேன். நிறத்துக்கு, அதே இயந்திரத்தில் அதே வினைலில் ஒரு சிறு துண்டு அச்சிட்டு, லேமினேஷனும் போட்டு, வெயிலில் வைத்து வாடிக்கையாளரின் கையெழுத்தை அந்தத் துண்டின் பின்பக்கத்திலேயே வாங்கிக்கொள்கிறேன். பத்து வண்டி ஆர்டர் என்றால், முதல் வண்டியை மட்டும் முடித்துக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே மற்ற ஒன்பதுக்கும் அச்சிட வேண்டும்.

பணத்தை எப்படி ஓட்டுவது?

ஒரு கணக்குக்காகப் பத்து வண்டி, வண்டிக்கு 14,000 ரூபாய் என்று வாடிக்கையாளரிடமும், 11,000 ரூபாய் என்று கடையிடமும் பேசியிருப்பதாக, வரியை விட்டுவிட்டுப் பார்ப்போம். வரவு 1,40,000, செலவு 1,10,000, மிச்சம் 30,000. வாடிக்கையாளர் 40 விழுக்காடு முன்பணமாக 56,000 தருகிறார், மீதி 45 நாள் கழித்து என்கிறார். வேலை முடிந்ததும் கடைக்கு முழுத் தொகையும் வேண்டும். ஆக, 54,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து ஒன்றரை மாதம் வெளியே நிற்கும். இதில் இரண்டு வண்டியை மறுபடி செய்ய நேர்ந்தால் 22,000 போய்விடும். மீதமுள்ள 8,000த்தில் டிசைனருக்கும் மதுரை, கோவைப் பயணத்துக்கும் கொடுக்க வேண்டும்.

ஆகையால் வினைல் செலவையும் அச்சுச் செலவையும் ஈடுகட்டும் அளவுக்காவது முன்பணம் வாங்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். அச்சிட்டுவிட்ட வினைலை வேறு யாருக்கும் விற்க முடியாது. இடம் வாடகை, இயந்திரம் எதுவும் தேவையில்லை என்பதால் முதலீடே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு முழு ஆர்டரின் கடைப் பாக்கியும், இரண்டு வண்டியை மறுபடி செய்யும் தொகையும் கையில் இல்லாமல் இந்தத் தொழிலைத் தொடங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மழைக்குப் பிறகு ஓரம் தூக்கினால் யார் சரிசெய்து தருவது?

வாடிக்கையாளரைப் பொறுத்தவரை, நீங்கள். கடையைக் கைகாட்டுபவருக்கு அடுத்த ஆர்டர் கிடையாது. உங்களைப் பொறுத்தவரை, அது ஒட்டியதன் குறையா, வினைலின் குறையா, வண்டியின் குறையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஓரத்திலும் குழியிலும் மட்டும் தூக்கினால் பெரும்பாலும் ஒட்டுநரின் வேலை. வண்டி முழுவதும் ஒரே சீராகச் சுருங்கி, துண்டுகள் சேரும் இடங்களில் பிளவு தெரிந்தால் வினைல் வகையைச் சந்தேகியுங்கள். பெயின்ட்டோடு சேர்ந்து செதிலாக வந்தால் வண்டியின் பழைய பெயின்ட். உயர் அழுத்த வாட்டர் வாஷ் குழாயை ஓரத்தில் வைத்து அடித்ததால் வந்த கிழிசல் இன்னொரு மாதிரி இருக்கும். அது நீர் அடித்த திசையிலேயே கிழிந்திருக்கும்.

கடையுடன் எழுதும் தாளில், இத்தனை மாதத்துக்குள் ஓரம் தூக்கினால் கூலியின்றிச் சரிசெய்து தர வேண்டும் என்ற வரியைச் சேர்த்து, கடைசி 10 விழுக்காட்டை ஒரு மாதம் கழித்துத் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குச் சம்மதிப்பார். அதற்கு ஈடாக, மற்ற 90 விழுக்காட்டை நீங்கள் சொன்ன நாளில் கொடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளர் தரவில்லை என்ற காரணத்தைக் கடையிடம் சொல்லக் கூடாது.

முதல் வாடிக்கையாளர்களை எங்கே தேடுவது?

இனிப்பகங்கள், பால், தண்ணீர், மாவு, மசாலா, கூரியர், மருந்து விநியோகம் என ஐந்து முதல் இருபது வண்டி வரை வைத்திருக்கும் உள்ளூர் நிறுவனங்களிடம். அதிகாலையில் அவர்களின் குடோன் வாசலில் நின்றால், எந்த வண்டியின் ஸ்டிக்கர் வெளுத்திருக்கிறது என்று அங்கேயே தெரியும். கரூர், நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் பேருந்து, லாரி பாடி கட்டும் பட்டறைகளோடு பழகிக்கொள்வது பயன்தரும். பாடி முடிந்து பெயின்ட் ஆறும் நாட்களில்தான் உரிமையாளர் பெயர் எழுதுவதைப் பற்றி யோசிப்பார். மாநகரப் பேருந்து விளம்பரங்களுக்கு இப்போதே ஆசைப்பட வேண்டாம். அவை டெண்டர் வழியாக நடப்பவை.

சொந்தக் கார்களுக்கு நிறம் மாற்றும் ராப்பிங், பிபிஎஃப் ஆகியவற்றையும் எடுக்கலாமா?

தொடக்கத்தில் வேண்டாம். நிறுவன வண்டியை ஐந்தடி தள்ளி நின்று பார்ப்பார்கள், சொந்தக் காரை அதன் உரிமையாளர் ஓர் அங்குலம் தள்ளி நின்று பார்ப்பார். பிபிஎஃப் என்பது வினைலே அல்ல. கல் கீறலிலிருந்து பெயின்ட்டைக் காக்கும் தடிமனான பாலியூரித்தேன் படலம், அதற்குத் தனிப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும்.

பழைய ஸ்டிக்கரை எடுக்கும் வேலையையும் நான் பேசி எடுக்க வேண்டுமா?

கட்டாயம் எடுங்கள். தரகர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும் வேலை இது. எனக்குக் கண் பழகியது இதில்தான். ஹீட் கன்னை மிதமாகக் காட்டி, தாளைப் பரப்போடு ஒட்டினாற்போல மடக்கி மெதுவாக இழுக்கும்போது, காஸ்ட் வினைல் முழுத் துணி போல வரும். காலம் கடந்த மலிவு வினைல் அப்பளம் போல நொறுங்கி, பசையைப் பெயின்ட்டிலேயே விட்டுவிட்டு வரும். ஒரு வேனின் ஒரு பக்கத்துக்கே ஆளுக்கு அரை நாள் போன வேலைகள் உண்டு. எடுத்த இடத்தில் பழைய எழுத்துகளின் உருவம் பெயின்ட்டில் நிழலாகத் தெரியும், ஏனென்றால் சுற்றியிருந்த பெயின்ட் வெயிலில் வெளுத்திருக்கும், ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது வெளுத்திருக்காது. இதை முன்பே சொல்லாவிட்டால் வாடிக்கையாளர் உங்களைத்தான் குறை சொல்வார். நான் வேலை எடுக்கும் முன், பழைய ஸ்டிக்கரின் ஒரு மூலையை அவர் கண்ணெதிரே ஓர் அங்குலம் மட்டும் உரித்துக் காட்டி, அடியில் இருக்கும் நிறத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பிறகு விலை பேசுகிறேன்.